மூன்றரை மணிக்கு வீட்டில் யார்?

(மகளிர் தினத்தை ஒட்டி நம் சங்கம் சமுதாயக் கூடத்தில் நடத்திய மாலைக் கூட்டத்தில் பேசியது)

வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் இளம் அம்மாக்களுக்குத் தனி வணக்கம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அப்பாக்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம்.

செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டபோது, "வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு நாலு டிப்ஸ் கொடுங்க மேடம்" என்றார். டிப்ஸ் என்றால் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திரு. ஞாயிற்றுக்கிழமையே மாவு அரைத்து வை. காய்கறியை முதல் நாள் இரவே நறுக்கி வை. இதெல்லாம் இங்கே இருக்கிற பெண்களுக்குத் தெரியாததா? அவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாலரை மணிக்கு எழுந்திருப்பவளிடம் போய் மூன்றரைக்கு எழுந்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறேன். நான் பி.காம். படித்தவள். முப்பத்தெட்டு வருடம் வங்கியில் கிளார்க். எனக்குத் தெரிந்தது கணக்கு. வேலைக்குப் போகிற, இரண்டு சின்னக் குழந்தைகள் வைத்திருக்கிற ஒரு அம்மாவின் நாளைக் கணக்கெழுதிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். கடைசியில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்.

முதலில் பழைய பேரேட்டைப் புரட்டுகிறேன். 1994. நாங்கள் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது, யுகேஜி. என் கிளை பாரிமுனையில். வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஒரு வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் முதல் வேலை கீழே அடிபம்பில் தண்ணீர் பிடிப்பது. எட்டுக் குடம் மாடிக்கு ஏற வேண்டும். நடுவில் பால் பூத்துக்கு ஓட்டம். ஆறு மணிக்குக் குக்கர். ஏழு மணிக்கு இரண்டு தலை பின்னல். என் தலையையும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டு மணிக்கு ஸ்கூல் ரிக்‌ஷா வாசலில் மணி அடிக்கும். நாலு டிபன் டப்பா, இரண்டு தண்ணீர் பாட்டில். பிறகு பாத்திரம், துணி, கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடை.

மாம்பலத்தில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறினால் அது இன்னொரு சமையலறை. ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், ஒருத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள், ஒருத்தி பூத்தொடுப்பாள். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை, கடற்கரை. இறங்குவதற்குள் ஒரு வேளைக் காய்கறி தயார். மாலை திரும்பி வரும்போது அதே பெட்டியில்தான் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இருபது நிமிடம் தூங்குவோம்.

வங்கி என்றால் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் வேலை என்று அப்போது வெளியில் ஒரு நினைப்பு உண்டு. கவுன்டர் மூடுவதுதான் இரண்டு மணிக்கு. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலையே. வவுச்சர் அடுக்கி, லெட்ஜரில் ஏற்றி, டே புக் எழுதி, பேலன்ஸ் டேலி ஆக வேண்டும். பத்து பைசா இடித்தாலும் தேட வேண்டும். எல்லாம் முடிந்து ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வீட்டுக்கு ஆறே கால். குழந்தைகள் வருவது மூன்றரைக்கு.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. மூன்றரையிலிருந்து ஆறே கால் வரை இரண்டே முக்கால் மணி நேரம். மகன் பள்ளியில் சேரும்வரை என் மாமியார் கூட இருந்தார். பிறகு முட்டி வலியால் மாடிப்படி ஏற முடியாமல், கீழ்வீடாக இருந்த கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு வீட்டில் யார்?

இப்போது ஒன்று கவனியுங்கள். வீட்டுக்காரருக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரத்தில் அவர் காலை முழுவதும் வீட்டில் இருப்பார். தண்ணீர் பிடிப்பார், ரேஷனுக்குப் போவார், காஸ் புக் பண்ணுவார், துணி துவைத்துக் காயப்போடுவார். நாலு மணி நேரம் நல்ல உழைப்பு. முதல் ஷிப்ட் வாரத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்; காலை வேலை அத்தனையும் என் தலையில். ஆனால் மதியம் மூன்றே காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். பேப்பர் படிப்பார். குழந்தைகள் வந்ததும் கதவைத் திறப்பார், பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

எந்த வாரம் எனக்கு நிம்மதியான வாரம் என்று நினைக்கிறீர்கள்? அவர் பேப்பர் படித்த வாரம்தான். அந்த வாரம் நாலரை மணிக்கு எழுந்தாலும் களைப்புத் தெரியாது. டே புக் எழுதும்போது கை நடுங்காது. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மூன்றரை அடித்ததும் என் காது டெலிபோன் பக்கமே இருக்கும்.

இது ஏன் என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. பிறகு கடன் பிரிவில் போட்டார்கள். அங்கே புரிந்தது.

பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு தெரியுமில்லையா, துணி மொத்த வியாபாரம். அங்கேயுள்ள வியாபாரிகளின் கணக்கு எங்களிடம் வரும். ஒரு கடையில் வருடக் கணக்கு பார்த்தால் நல்ல லாபம் இருக்கும். ஆனாலும் கடை தடுமாறும். என்ன காரணம்? மில்லுக்குப் பணம் பத்தாம் தேதி கட்ட வேண்டும். சரக்கு வாங்கியவன் இருபத்தைந்தாம் தேதிதான் தருவான். நடுவில் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளைத் தாண்டப் பணம் இல்லையென்றால் லாபத்தில் நடக்கும் கடையே படுத்துவிடும். இதைத்தான் வொர்க்கிங் கேபிட்டல் என்போம்; பாடப்புத்தகத்தில் நடைமுறை மூலதனம் என்று படித்திருப்பீர்கள். மொத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. கெடு தேதியில் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கடைகள் அதிகம் விழுவது இரண்டாவது கேள்வியில்தான்.

அம்மாக்களின் நேரமும் அப்படித்தான். மொத்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அது பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணை வேலையை விடலாமா என்று யோசிக்க வைப்பது கெடு நேரத்தில் ஆள் இல்லாத அந்தப் பள்ளம்தான். காலை ஏழே முக்கால், மதியம் மூன்றரை, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் கிடைக்கிற அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற நாலு மணி நேரத்தைவிடப் பெரியது.

எனக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தவர் கீழ்ப் போர்ஷனில் இருந்த தையல்கார அக்கா. இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் எங்கள் வீட்டுச் சாவி அவர் மிஷின் டிராயரில் இருக்கும். ரிக்‌ஷா வந்ததும் பிள்ளைகளை இறக்கிக்கொள்வார். மிஷின் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார வைப்பார். மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், மகன் துண்டுத் துணியில் பொத்தான் கோத்துக்கொண்டிருப்பான். அவர் தையலை நிறுத்தவே மாட்டார். ஆறு வருடம் இப்படி நடந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்தது, அவர் மகள் பெயரில் எங்கள் கிளையில் ஒரு ஆர்.டி. கணக்கு ஆரம்பித்து மாதாமாதம் அவர் கொடுக்கும் பணத்தை நானே கொண்டுபோய்க் கட்டியது. ரேஷன் கார்டு, ஸ்கூல் படிவம் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தது. அவருக்கு வங்கிக்கு வந்து வரிசையில் நிற்க நேரம் இல்லை, எனக்கு மூன்றரைக்கு வீட்டில் நிற்க நேரம் இல்லை. ஒருவருக்கொருவர் ஓவர்டிராஃப்ட் கொடுத்துக்கொண்டோம். அந்தப் பெண் நர்ஸிங் சேர்ந்தபோது முதல் வருடக் கட்டணம் அந்த ஆர்.டி. பணத்தில்தான் போனது.

என் வேலை என்னிடம் நின்றதற்கு, நான் பென்ஷன் வாங்குவதற்கு, அந்த அக்காவின் மிஷின் டிராயர் ஒரு பெரிய காரணம். சாமர்த்தியசாலி என்று என்னைப் பலர் சொல்வார்கள். சாமர்த்தியம் எல்லோருக்கும் உண்டு. எனக்குச் சாவி கொடுக்க ஒரு இடம் இருந்தது.

சரி, அது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியதா என்று பார்ப்போம். மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறது. 2019-இல் எடுத்த கணக்கில், சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. சந்தோஷம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! வித்தியாசம் அன்று 202 நிமிடம், இன்று 201 நிமிடம். ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம் முன்னேறியிருக்கிறோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

சட்டத்தையும் பார்க்கலாம். 1961-இல் மகப்பேறு பயன் சட்டம் வந்தது. எங்கள் காலத்தில் மூன்று மாத லீவுதான். 2017-இல் அதைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021-இல் மகப்பேறு விடுப்பை ஒரு வருடமாக உயர்த்தியது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் இவை பெரும்பாலும் கைக்குழந்தைக்கானவை. ஆறு மாதம் முடிந்து, ஒரு வருடம் முடிந்து, குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு? பள்ளி மூன்றரைக்கு முடிகிறது, ஆபீஸ் ஆறுக்கு முடிகிறது. இந்த இரண்டு கடிகாரத்தையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆனால் லிஃப்டில், பார்க் பெஞ்சில், மருந்துக் கடையில் என்னிடம் பேசிய பெண்கள் பலர். ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. வீட்டிலிருந்து வேலை என்றால் சுலபம் என்று அக்கம்பக்கம் நினைக்கிறது. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுச் சின்னவளுக்குச் சோறு ஊட்டுகிறார். இரவு ஏழரைக்கு அமெரிக்காக்காரர்களோடு கால். அது முடிந்து பார்த்தால் பெரியவன் யூனிஃபார்மோடு சோபாவில் தூங்கியிருக்கிறான். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. தன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் அவர் கிளம்ப முடியும். அவர் பிள்ளைகள் அதற்குள் வீட்டு வாசலில் நிற்கின்றன.

இவர்களிடம் வாஷிங் மிஷின் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வருகிறது. என்னிடம் இதில் பாதி இல்லை. ஆனால் என்னிடம் மிஷின் டிராயரில் சாவி வாங்கி வைத்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தார். இவர்கள் எதிர் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. வாடகைக்கு வந்து பதினொரு மாதம்தான் ஆகிறது, ஊர் வேறு, சொந்தம் தூரத்தில்.

அதனால் உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவன்மார்களே, "ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பார்த்துக்கிறேன், நீ ரெஸ்ட் எடு" என்று சொல்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் பத்தாம் தேதி கட்ட வேண்டிய பில்லுக்கு இருபத்தைந்தாம் தேதி பணம் கொண்டுவருவது போல அது. வாரத்தில் இரண்டு நாள் காலை ஏழிலிருந்து எட்டு வரை குழந்தைகள் பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் எங்கே, டைரியில் கையெழுத்துப் போட்டாச்சா, எதையும் அவரிடம் கேட்காதீர்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். தாத்தா பாட்டிகளே, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு முதுகை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த அரை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். நம்மை அவ்வளவு வேலை வாங்க அவர்களுக்கும் விருப்பம் இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு டேலி ஆகாது. காலை ஆறரை மணிக்கு நம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருகிறார்களே, நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க, பெருக்க, சமைக்க, அந்தப் பெண்கள். அவர்களும் வேலைக்குப் போகிற அம்மாக்கள்தான். நம் வீட்டு ஏழே முக்கால் பள்ளத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். அவர்கள் வீட்டில் அதே ஏழே முக்காலுக்கு ஒரு பள்ளம் விழுகிறது. அவர்களுக்கு 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை.

அவர்களுக்குக் கெடு நேரத்தில் வந்த உதவி ஒன்று எனக்குத் தெரியும். நம் மாநிலத்தில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கினார்கள். அடுத்த வருடம் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு. மதிய உணவு நெடுங்காலமாக இருக்கிறது, அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். காலை உணவின் அருமையை என் வீட்டில் வேலை செய்யும் பெண் ஒரே வரியில் சொன்னாள்: "இப்ப நான் கேட்டைத் தாண்டி உள்ள வரும்போது, புள்ள சாப்பிட்டிருக்குமான்னு நினைச்சுக்கிட்டே வர்றதில்லம்மா." எந்தக் கட்சி கொண்டு வந்தது என்ற பேச்சு இங்கே வேண்டாம். சரியான நேரத்தில் வரும் ஒரு தட்டு உப்புமா என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் கோரிக்கை. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடம், திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் பூட்டிக் கிடக்கிறது. பிறந்த நாள் விழாவுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் சனி, ஞாயிறு திறக்கிறோம். வாரநாட்களில் மூன்றேகாலிலிருந்து ஆறரை வரை இதைப் பள்ளி விட்டு வரும் குழந்தைகளுக்குத் திறந்து விடுங்கள் என்று கேட்கிறேன். டியூஷன் வேண்டாம், கீபோர்டு கிளாஸ் வேண்டாம். ஒரு பாய், நாலு மேஜை, குடிதண்ணீர், கேரம் போர்டு. சம்பளத்துக்கு ஒரு ஆயா. கூடவே நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் இருவர், முறை வைத்து. வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும்.

இதைப் போன மாதம் பார்க் பெஞ்சில் பேசியபோதே நாலு ஆட்சேபணை வந்தது. நியாயமான ஆட்சேபணைகள்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஆட்சேபணை, செலவு. குழந்தை இல்லாத வீட்டுக்காரர் மெயின்டனன்ஸிலிருந்து ஏன் தர வேண்டும்? தர வேண்டாம். ஆயா சம்பளத்தையும் சிற்றுண்டிச் செலவையும் பயன்படுத்தும் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். தனிக் கணக்கு, தனி ரசீது. அதை எழுத நான் தயார், எனக்குச் சம்பளம் வேண்டாம். சங்கம் தர வேண்டியது கூடமும் மின்விசிறி ஓடும் கரன்டும்தான்.

இரண்டாவது, பொறுப்பு. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? இது முக்கியமான கேள்வி. வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டும் ஒருவர் கையில் இருக்காது. இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். யார் மேலும் சந்தேகம் இருந்து அப்படி வைக்கவில்லை, யார் மேலும் சந்தேகம் வரக் கூடாது என்றுதான். இங்கேயும் அதே விதி. கூடத்தில் எப்போதும் பெரியவர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அன்றைக்குத் திறப்பதில்லை. வாசலில் ஒரு பதிவேடு. குழந்தை வந்த நேரம், அழைத்துப்போனவர் கையெழுத்து. முன்கூட்டி எழுதிக் கொடுத்த பெயர் தவிர வேறு யாரிடமும் குழந்தையை அனுப்புவதில்லை, தெரிந்த மாமாவாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, சத்தம். மதியம் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஆனால் இப்போது அந்தக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? லிஃப்ட் வாசலிலும் காரிடாரிலும் கார் பார்க்கிங்கிலும். அதைப் பற்றித்தான் வாட்ஸ்அப் குழுவில் தினமும் புகார் வருகிறது. கார் பின்னால் எடுக்கும் இடத்தில் விளையாடுவதைவிட நாலு சுவருக்குள் விளையாடினால் சத்தமும் குறைவு, பயமும் குறைவு.

நாலாவது ஆட்சேபணையை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளும் வரலாமா? வரலாம் என்பது என் கருத்து. மாலையில் வேலைக்கு வரும்போது சில பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார வைக்கிறார்கள். நாம் அதைத் தாண்டித்தான் நடந்து போகிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு மாடிப்படி ஒரு இடமா? அந்தக் கட்டணத்தை அவள் வேலை செய்யும் வீடு கொடுக்கட்டும். என் வீட்டுப் பங்கை நான் கொடுக்கிறேன். இதில் சிலருக்குச் சம்மதம் இருக்காது என்று தெரியும். ஓட்டுக்கு விடுங்கள், தனித் தீர்மானமாகவே விடுங்கள். ஆனால் பேசாமல் தள்ளிவைக்க வேண்டாம்.

கூடவே செலவே இல்லாத இரண்டு சின்ன விஷயம். தொட்டி கழுவுவது, லிஃப்ட் சர்வீஸ், இவற்றை வாரநாள் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வைக்காதீர்கள். தண்ணீர் நிற்கும் என்ற அறிவிப்பு இரவு பதினொரு மணிக்கு வந்தால், விடிந்ததும் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டியவள் என்ன செய்வாள்? மதியத்துக்கு மாற்றுங்கள், முதல் நாள் மாலையே சொல்லுங்கள். இரண்டாவது, பொதுக்குழுவைச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டுங்கள், பிள்ளைகள் பக்கத்து அறையில் விளையாடட்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டிவிட்டு, இளம் அம்மாக்கள் சங்க வேலைக்கு வருவதே இல்லை என்று சொல்வது சரியாக இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. அதற்குள் இரண்டு மாதம் இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஜூனிலிருந்து மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி கேட்கிறேன். சரிப்படவில்லை என்றால் பூட்டிவிடலாம், பூட்டு நம்மிடம்தான் இருக்கிறது. முறை வைத்து வர விருப்பம் உள்ள சீனியர்கள் போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் எந்தக் கிழமை என்றும் எழுதிவிட்டுப் போங்கள். நான் செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறேன். உடன் வர இன்னொருவர் வேண்டும். இரண்டு சாவி விதி எனக்கும் பொருந்தும்.

சுண்டல் ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.